திரும்புமுன் கை காட்டுதல்

சாலையில் ஓடும் வாகனங்களுள், தான் எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதை விளக்கெரித்துச் சொல்லும் வசதி இல்லாமல் ஓடுவது பெரும்பாலும் மிதிவண்டிதான். கார், பேருந்து, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றில் ஒரு விசையைத் தட்டிய மாத்திரத்தில் இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிந்து, ஓட்டுநரின் எண்ணத்தைப் பின்னால் வருபவருக்கும் எதிரே வருபவருக்கும் தெரிவித்துவிடுகிறது. மிதிவண்டியில் அந்த வேலையை ஓட்டுபவரின் கையே செய்தாக வேண்டும். பேச்சு வழக்கில் ‘கை காட்டுதல்’ எனப்படும் இச்செயல் பார்வைக்கு மிக எளியதாக இருப்பதால், இதைத் தனியே கற்க வேண்டும் என்றோ கற்பிக்க வேண்டும் என்றோ பலரும் கருதுவதில்லை. ஆனால் வண்டியைத் திருப்பவும் நிறுத்தவும் பயன்படும் இரு கைகளில் ஒன்றை, அவ்விரண்டும் மிகுதியாகத் தேவைப்படும் சந்திப்பை நெருங்கும் வேளையில் எடுத்து நீட்ட வேண்டியிருப்பதால், எப்போது நீட்டுவது, எவ்வளவு நேரம் நீட்டுவது, எப்போது நீட்டாமலிருப்பது ஆகிய மூன்றையும் அறிந்து செய்தால்தான் அது பாதுகாப்பைத் தரும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட சாலைப் பாதுகாப்பு அறிக்கை, உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறப்பதாகவும், அவர்களுள் சுமார் 6 விழுக்காட்டினர் மிதிவண்டியில் சென்றவர்கள் என்றும் கணக்கிடுகிறது. இவ்வுயிரிழப்புகள் அனைத்தையும் கைச்சைகை தடுத்துவிடாது; வாகனங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துதல், மிதிவண்டிகளுக்குத் தனிப்பாதை அமைத்தல், சந்திப்புகளைச் சீராக வடிவமைத்தல் ஆகியவற்றின் பங்கு அதனினும் பெரிது. அவையெல்லாம் அரசும் நகராட்சிகளும் செய்ய வேண்டியவை, செய்து முடிக்க ஆண்டுகள் பிடிப்பவை. அதுவரையில், பேருந்தும் லாரியும் இருசக்கர வாகனங்களும் ஒரே தடத்தில் நெருக்கியடித்துச் செல்லும் சாலையில், காசு செலவில்லாமல் மிதிவண்டிக்காரர் தாமே கைக்கொள்ளக்கூடிய முறைகளுள் முதன்மையானது முறைப்படி கை காட்டித் திரும்புவதே.

சைகைகள் வந்த வழி

மோட்டார் வாகனங்கள் பெருகத் தொடங்கிய இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் கார் ஓட்டியவர்களும் கையை வெளியே நீட்டியே தம் திருப்பத்தை அறிவித்தனர். பிரிட்டிஷ் அரசு 1931இல் ஒரு பென்னி விலையில் வெளியிட்ட ‘ஹைவே கோட்’ எனும் சாலை விதிக் கையேட்டின் முதற்பதிப்பிலேயே கைச்சைகைகள் இடம்பெற்றிருந்தன. பின்னர் ஐரோப்பியக் கார்களின் பக்கவாட்டில், விசையை அழுத்தினால் வெளியே நீளும் சிறு கைகாட்டிகள் பொருத்தப்பட்டன. மனிதக் கையின் வேலையை அப்படியே இயந்திரத்திடம் ஒப்படைத்த இவ்வமைப்பு மோரிஸ் மைனர், ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற கார்களில் 1950கள் வரை காணப்பட்டது. அதன்பின் மின்னி எரியும் விளக்குகள் எங்கும் பரவின. கையால் சைகை செய்யும் பொறுப்பு, அவ்விளக்குகள் வந்து சேராத மிதிவண்டியிடம் தங்கிவிட்டது.

இந்தியாவில் 1989ஆம் ஆண்டுச் சாலை விதி ஒழுங்குமுறைகள், ஓட்டுநர்கள் காட்ட வேண்டிய கைச்சைகைகளை வரையறுத்துக் கூறின. வலப்பக்கம் திரும்புபவர் உள்ளங்கை முன்னோக்கியிருக்க வலக்கையைக் கிடைமட்டமாக நீட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்புபவர் அதே வலக்கையை நீட்டிக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். வேகத்தைக் குறைப்பவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக் கையை மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். நிறுத்துபவர் முன்னங்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும். இடப்பக்கத் திருப்பத்துக்கும் வலக்கையே பயன்படுத்தப்பட்டதன் காரணம், ஓட்டுநர் காரின் வலப்பக்கத்தில் அமர்ந்திருப்பதால் அவருடைய வலக்கை மட்டுமே சன்னலுக்கு வெளியே வர முடியும் என்பதே. ஸ்டீயரிங் இடப்பக்கத்தில் உள்ள அமெரிக்காவில் இதே காரணத்தால், வலப்பக்கம் திரும்புவதைக் குறிக்க இடக்கையை முழங்கையில் மடித்து மேல்நோக்கிக் காட்டும் வழக்கம் தோன்றி, மிதிவண்டிக்காரர்களுக்கும் அதுவே பாடமாயிற்று.

மிதிவண்டியில் செல்பவருக்கோ சன்னலும் இல்லை, கதவும் இல்லை. இரு கைகளும் இருபுறமும் தாராளமாக வெளியே தெரிகின்றன. ஆகவே திரும்பும் பக்கத்துக் கையை நேராக நீட்டுவதே, காண்பவருக்கு ஐயம் எழாத முறையாகும். கலிபோர்னியா மாநிலச் சட்டம் பழைய முறையைத் தக்கவைத்துக்கொண்டாலும், மிதிவண்டிக்காரர் வலப்பக்கம் திரும்பும்போது வலக்கையையே கிடைமட்டமாக நீட்டலாம் என்று அனுமதிக்கிறது. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் மிதிவண்டிக்காரர்களுக்கு இதுவே கற்பிக்கப்படுகிறது. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம், இயந்திர விசையால் ஓடுபவற்றையே மோட்டார் வாகனம் என வரையறுப்பதால், மிதித்து ஓட்டும் வண்டி அதற்குள் அடங்குவதில்லை. கார் ஓட்டுநருக்கு உரிமம் பெறும்போதாவது சைகைகளைப் படிக்கும் கட்டாயம் உண்டு. உரிமமே தேவைப்படாத மிதிவண்டிக்காரருக்கு அவற்றை எவரேனும் எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

கையை நீட்டும் விதம்

பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு, மிதிவண்டியில் செல்பவர் தோள் அகலமேயுள்ள ஒரு குறுகிய உருவமாகத்தான் தெரிகிறார். தோள் உயரத்தில் கையை முழுவதுமாக நீட்டும்போது அவ்வுருவத்தின் அகலம் ஏறத்தாழ இரு மடங்காகிறது; வழக்கமான உருவம் திடீரென மாறுவதே பார்ப்பவரின் கவனத்தை ஈர்க்கிறது. இடுப்பளவில் விரல்களை மட்டும் அசைப்பதும், முழங்கையை மடித்துக்கொண்டு மணிக்கட்டைச் சாய்ப்பதும், நம் சாலைகளில் மிகப் பரவலாகக் காணப்படும் சைகைகளாயினும், அவை உடலின் நிழலுருவத்துக்குள்ளேயே மறைந்துபோவதால் தொலைவிலிருந்து வருபவருக்கு ஒன்றும் தெரிவிப்பதில்லை. விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை முன்னோக்கியிருக்க, தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக நீட்டப்பட்ட கையே தொலைவிலும் தெளிவாகத் தெரியும்.

வேகத்தைக் குறைப்பதற்கும் நிறுத்துவதற்குமான சைகை நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. பிரிட்டனில் கையை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, மேலும் கீழுமாக அசைக்கிறார்கள். டென்மார்க்கில் முழங்கையை மடித்துக் கையை மேலே உயர்த்துகிறார்கள். அமெரிக்காவில் கையைக் கீழ்நோக்கித் தாழ்த்திக் காட்டுகிறார்கள். இந்தியச் சாலைகளில், பழைய ஓட்டுநர்களுக்கும் பழகிய, மேலும் கீழுமாக அசைக்கும் முறையே பொருத்தமானது. குழுவாக மிதிவண்டி ஓட்டுபவர்கள் இவற்றோடு, முன்னால் உள்ள பள்ளத்தை விரலால் சுட்டிக்காட்டுவது, நிறுத்தி வைக்கப்பட்ட வாகனத்தைச் சுற்றிச் செல்லுமாறு முதுகுக்குப் பின்னே கையைக் காட்டுவது போன்ற சைகைகளையும் தமக்குள் வைத்திருக்கிறார்கள். இவை பின்னால் வரும் தோழர்களுக்கானவையே தவிர, கார் ஓட்டுநர்களுக்குப் புரிய வேண்டும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

பார்த்தல், காட்டுதல், மறுபடி பார்த்தல்

கை காட்டுவதில் நேரும் முதன்மையான பிழை, கையை நீட்டிய கணத்திலேயே வண்டியையும் திருப்பிவிடுவதாகும். சைகை என்பது நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிவிப்பது. நடந்துகொண்டிருப்பதைத் தெரிவிப்பதால் பின்னால் வருபவருக்குப் பயனில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. அதற்கு 60 மீட்டர் முன்னால் ஒருவர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தால், இடைவெளி முழுவதும் ஏறக்குறைய ஆறே நொடிகளில் கரைந்துவிடும். அந்த ஆறு நொடிகளுக்குள் கார் ஓட்டுநர் சைகையைக் கண்டு, பொருள் உணர்ந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுசென்று, வேகத்தைக் குறைக்க வேண்டும். கடைசி ஒரு நொடியில் காட்டப்படும் கை அவருக்கு எந்த அவகாசத்தையும் தருவதில்லை. கலிபோர்னியாவின் சட்டம் திருப்பத்துக்கு முந்தைய 100 அடி, அதாவது சுமார் 30 மீட்டர் தொலைவிலிருந்தே சைகை தொடங்க வேண்டும் என்கிறது; மேற்சொன்ன மிதிவண்டிக்காரருக்கு அத்தொலைவைக் கடக்க ஏழு நொடிகள் ஆகும்.

இடப்பக்கம் செல்லும் போக்குவரத்து முறையுள்ள இந்தியாவில், வலப்பக்கத் திருப்பமே கடினமானது. ஏனெனில் சாலையின் இடது ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்கு வந்து, பின்னால் வரும் வாகனங்களின் பாதையையும் எதிரே வருபவற்றின் பாதையையும் கடக்க வேண்டியிருக்கிறது. இதற்கான முறை, சந்திப்புக்கு 50 மீட்டர் முன்பாகவே வலத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பார்ப்பதில் தொடங்குகிறது. இடைவெளி இருப்பது தெரிந்த பிறகு வலக்கையை இரண்டு மூன்று நொடிகள் தெளிவாக நீட்ட வேண்டும். மீண்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்து, பின்னால் வரும் வாகனம் வேகத்தைக் குறைத்ததா, அல்லது ஒதுங்கி வழிவிட்டதா என்று அறிந்துகொண்டு, அதன் பின்னரே படிப்படியாகச் சாலையின் நடுவை நோக்கி நகர வேண்டும். நடுவை அடைந்ததும் இரு கைகளையும் ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு, எதிரே வரும் வாகனங்கள் கடந்துபோகும் வரை காத்திருந்து, இரு கைகளாலும் பிடித்தபடியே திரும்ப வேண்டும்.

இம்முறையில் உயிர்நாடியானது இரண்டாவது பார்வையே. கை நீட்டியதால் மட்டும் எவருக்கும் வழி கிடைத்துவிடுவதில்லை. சைகை செய்வது முன்னுரிமை தருவதில்லை என்பதை பிரிட்டனின் ஹைவே கோட் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. பின்னால் வரும் ஓட்டுநர் கையைக் காணாமல் இருக்கலாம். கண்டும் வேறு பொருள் கொண்டிருக்கலாம். ‘முந்திச் செல்’ என்று சொல்வதாகவே எண்ணியிருக்கலாம். அவருடைய வண்டியின் வேகம் குறைந்திருப்பதே அவர் சைகையை ஏற்றார் என்பதற்கான நம்பத்தகுந்த அடையாளம். அவ்வடையாளம் தென்படாவிட்டால், கையை இறக்கிக்கொண்டு, அவ்வாகனத்தைக் கடந்துபோக விட்டு, அடுத்த இடைவெளிக்குக் காத்திருப்பதே அறிவுடைமை. திரும்பிப் பார்க்கும் முகமே ஒரு சைகையாகிவிடுவதும் உண்டு: முன்னால் செல்பவர் தலையைத் திருப்புவதைக் கண்டவுடன், அவர் ஏதோ செய்யப்போகிறார் என்று பல ஓட்டுநர்கள் எச்சரிக்கை அடைகிறார்கள்.

இடப்பக்கத் திருப்பத்தில் எவருடைய பாதையையும் குறுக்கே கடக்க வேண்டியதில்லை என்பதால் அது எளியதுபோல் தோன்றினாலும், இடது ஓரத்துக்கும் மிதிவண்டிக்கும் இடையிலுள்ள சிறு சந்துக்குள் நுழைந்து முந்தும் இருசக்கர வாகனங்கள் நம் சாலைகளில் ஏராளம். ஆகவே இடத்தோளுக்கு மேலாகவும் ஒருமுறை பார்த்துவிட்டே இடக்கையைக் காட்ட வேண்டும். திரும்பும் தெருவின் வாயிலில் நடந்து கடப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு வழிவிட வேண்டும்.

ஒரு கையால் ஓட்டுதல்

மிதிவண்டி சாயாமல் ஓடுவதன் அடிப்படை, அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரம் சற்றுத் திரும்பி, சக்கரங்களை மீண்டும் உடல் எடைக்கு நேர்கீழே கொண்டுவருவதாகும். சுழலும் சக்கரத்தின் கைரோ விளைவே வண்டியை நிமிர்த்தி வைக்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அவ்விளைவு இல்லாமலும் தானே நிமிர்ந்து ஓடும் வண்டியை அமைக்க முடியும் என்பதை நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சாய்வுக்கு ஈடாக முன்சக்கரத்தைத் திருப்பும் இந்நுண்ணிய வேலையை ஓட்டுபவரின் கைகள் அவர் அறியாமலேயே இடைவிடாமல் செய்துகொண்டிருக்கின்றன. ஒரு கை விலகும்போது, மறுகையின் மேல் ஊன்றும் எடை ஹேண்டில்பாரை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. தலையைத் திருப்பிப் பார்க்கும்போதும் தோளோடு சேர்ந்து கையும் இழுபட்டு, வண்டி பார்க்கும் திசைக்கே விலகிச் செல்கிறது. பிடித்திருக்கும் கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு, உடலின் எடையைச் சீட்டின் மேலும் பெடலின் மேலும் விட்டால் இவ்விலகல் பெரிதும் குறையும்.

பிரேக் தொடர்பான ஒரு நுட்பத்தையும் இங்கே அறிந்துகொள்ள வேண்டும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் மிதிவண்டியின் வலப்பக்க லீவர் முன்சக்கரத்தையும், இடப்பக்க லீவர் பின்சக்கரத்தையும் பிடிப்பது வழக்கம். வலப்பக்கம் செல்லும் போக்குவரத்து முறையுள்ள அமெரிக்காவில் இது தலைகீழாக அமைந்திருக்கிறது. இம்மூன்று நாடுகளிலும், எதிர்த்திசைப் போக்குவரத்தைக் கடந்து திரும்பும் கடினமான திருப்பத்துக்குக் கை காட்டும்போது, ஹேண்டில்பாரில் எஞ்சியிருக்கும் கையில் பின்சக்கர பிரேக்கே இருக்கும்படி இவ்வமைப்பு பொருந்தியிருக்கிறது. இடக்கையைக் காட்டும்போதோ நிலைமை மாறுகிறது: எஞ்சியிருப்பது முன்சக்கர பிரேக்கை ஏந்திய வலக்கை. அதை மட்டும் அழுத்திப் பிடித்தால் உடல் முன்னோக்கித் தள்ளப்பட, அவ்விசை முழுவதையும் ஒரே கை தாங்கி, ஹேண்டில்பார் திருகிக்கொண்டு வண்டி சரிய வாய்ப்புண்டு. எனவே இடப்பக்கம் திரும்புபவர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு கை காட்டி, கையை மீண்டும் ஹேண்டில்பாருக்குக் கொண்டுவந்த பின் திரும்புவது நன்று. ஒவ்வொருவரும் தத்தம் வண்டியில் எந்த லீவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கை காட்டக் கூடாத வேளைகளும் உண்டு. குண்டும் குழியுமான இடம், மழையில் நனைந்து வழுக்கும் சாலை, மணல் படர்ந்த வளைவு, பாலத்தின் இறக்கம், கேரியரில் ஆளோ மூட்டையோ இருக்கும் நிலை, அவசரமாக பிரேக் பிடிக்க வேண்டிய கணம் ஆகியவற்றில் இரு கைகளும் ஹேண்டில்பாரில் இருப்பதே முதற்கடமை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் சட்டங்கள், வண்டியைக் கட்டுப்படுத்தக் கை தேவைப்படுமானால் மிதிவண்டிக்காரர் சைகையைத் தொடர்ந்து காட்ட வேண்டியதில்லை என்று விலக்கு அளிப்பது இக்காரணத்தாலேயே. முன்கூட்டியே சில நொடிகள் காட்டிவிட்டு, குழியை நெருங்கும்போது கையை இறக்கிக்கொள்வது குற்றமும் அன்று, கூச்சப்பட வேண்டியதும் அன்று.

பெரிய சந்திப்பும் இரவு நேரமும்

நான்கைந்து தடங்களுள்ள அகன்ற சாலையில், வேகமாக வரும் வாகனங்களைக் கடந்து நடுவுக்கு வருவது கை காட்டினாலும் ஆபத்தானதே. இத்தகைய இடங்களுக்கு ஏற்றது, இரு கட்டத் திருப்பம் எனப்படும் முறை: வலப்பக்கம் செல்ல வேண்டியவர் இடது ஓரமாகவே நேராகச் சென்று சந்திப்பைக் கடந்து, எதிர்முனையில் நின்று, வண்டியை வலப்பக்கம் நோக்கித் திருப்பி வைத்து, அத்திசைக்குரிய பச்சை விளக்கு எரிந்ததும் நேராகச் செல்வது. ஜப்பானில் மிதிவண்டிகள் இவ்வாறுதான் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது சட்டம். வலப்பக்கம் செல்லும் போக்குவரத்து முறையுள்ள டென்மார்க்கில் இதே கட்டாயம் இடப்பக்கத் திருப்பத்துக்கு உண்டு. 2022இல் திருத்தப்பட்ட பிரிட்டனின் ஹைவே கோடும் இம்முறையை விளக்குகிறது. இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவர்களுக்கான கோட்டில் கடப்பதும், குறிப்பாகச் சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும், முற்றிலும் தகுந்த வழியே.

லாரி, பேருந்து ஆகியவற்றின் அருகில் கைச்சைகையை நம்பியிருக்கக் கூடாது. அவற்றின் முன்புறத்தை ஒட்டியும் இடப்பக்கத்திலும், கண்ணாடியில் தெரியாத, ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத இடங்கள் உள்ளன. அங்கே நிற்பவரின் கை எவ்வளவு நீண்டிருந்தாலும் அது காணப்படுவதில்லை. இடப்பக்கம் திரும்பப்போகும் கனரக வாகனத்துக்கும் நடைபாதைக்கும் இடையில் நுழையாமல், அதன் பின்னாலேயே நின்றுவிடுவதுதான் பாதுகாப்பு. இரவிலும் இதே சிக்கல் வேறு வடிவில் எழுகிறது: இருளில் கருநிறச் சட்டைக் கை தெரிவதில்லை. தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் ஒளிதிருப்பு நாடாவை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், வாகனத்தின் முகப்பு விளக்கு பட்டவுடன் அது பளிச்சிட்டு, நீட்டிய கையைத் தொலைவிலிருந்தே காட்டும்.

பள்ளியில் தொடங்க வேண்டிய பயிற்சி

நெதர்லாந்தில் தொடக்கப்பள்ளியின் இறுதி ஆண்டுகளில் பயிலும் சிறுவர்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் தேர்வு நடத்தப்படுகிறது. எழுத்துத் தேர்வோடு, தம் ஊரின் உண்மையான தெருக்களில் குறிப்பிட்ட வழியே மிதிவண்டி ஓட்டிக் காட்டும் செய்முறைத் தேர்வும் உண்டு. திருப்பங்களில் நிற்கும் தன்னார்வலர்கள், சிறுவர் பின்னால் திரும்பிப் பார்த்தாரா, உரிய நேரத்தில் கை காட்டினாரா, வழிவிட வேண்டியவர்களுக்கு வழிவிட்டாரா என்று குறித்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் 2007இல் தொடங்கிய ‘பைக்கபிலிட்டி’ பயிற்சி மூன்று நிலைகளாக அமைந்தது: முதலில் வாகனம் இல்லாத திடல், பிறகு அமைதியான தெரு, கடைசியாகப் போக்குவரத்து மிகுந்த சாலை. கவனித்தல், சாலையில் தகுந்த இடத்தில் ஓட்டுதல், எண்ணத்தைத் தெரிவித்தல், முன்னுரிமைகளை அறிதல் என்னும் நான்கையும் சேர்த்தே அது கற்பிக்கிறது. கை காட்டுதல் அங்கே தனிச் செயலாக நிற்பதில்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் ஊர்ப்புறப் பெண்களுக்குக் கற்பித்து, அதை மக்கள் கல்வியின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்காட்டியது. மிதிவண்டியைக் கல்வியோடு இணைத்துப் பார்க்கும் மரபு இவ்வாறு ஏற்கெனவே உள்ள மண்ணில், வண்டியைக் கொடுக்கும் நாளிலேயே சாலையில் அதை ஓட்டும் முறையையும் கொடுப்பது இயல்பான அடுத்த படியாகும். இதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவைப்படாது. பள்ளித் திடலில் சுண்ணாம்புக் கோட்டால் ஒரு நாற்சந்தி வரைந்து, மாணவர்களை ஒருவர் பின் ஒருவராக ஓட்டச் செய்து, பின்னால் நிற்கும் ஆசிரியர் உயர்த்திக் காட்டும் விரல்கள் எத்தனை என்று திரும்பிப் பார்த்துச் சொல்லும்வரை கோட்டைவிட்டு விலகாமல் செல்லப் பழக்கினால், திரும்பிப் பார்க்கும் பயிற்சி கைகூடும். அதன் மேல் கை நீட்டும் பயிற்சியையும் சேர்த்தால், சாலையில் தேவைப்படும் முழு முறையும் வாகனமே இல்லாத இடத்தில் உடலுக்குப் பழகிவிடும்.

கற்பிக்க வேண்டியவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். மிதிவண்டிக்காரர் நீட்டும் கைக்கு, காரின் இண்டிகேட்டருக்குத் தரும் அதே மதிப்பைத் தந்து வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளும் உரிமத் தேர்வை நடத்தும் அலுவலகங்களும் அழுத்தமாகச் சொல்லித்தர வேண்டும். காட்டுபவர் உரிய காலத்தில் காட்டவும், காண்பவர் அதைக் கண்டு வேகத்தைத் தணிக்கவும் பழகிவிட்டால், பள்ளிக்கும் வேலைக்கும் மிதிவண்டியில் செல்லும் எளிய மக்கள் தம் வண்டியை அச்சமின்றித் திருப்ப முடியும். இவ்வுரிமையை அவர்களுக்கு உறுதிசெய்வது, சாலையைப் பயன்படுத்தும் அனைவருக்கும் உரிய கடமையாகும்.